நிறப்புரி நூற்பா: உரையும் விளக்கமும்

நால்வகை எழுத்தின் ஈரிழை எதிர்செலப்
பிணைவிதி பிழையாது முறுகிப் புரதத்
திரளையிற் சுற்றித் திரண்டது நிறப்புரி;
ஆங்கதன் பொருள்தரு கூறே மரபணு.

இஃது என் நுதலிற்றோ எனின், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் இயல்பும், அது நிறப்புரியாய் நிற்குமாறும், அதனுள் மரபணு இன்னதென்பதும் உணர்த்துதல் நுதலிற்று. நிறப்புரி எனினும் குரோமோசோம் எனினும் ஒக்கும்.

‘நால்வகை எழுத்து’ என்றது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் காரங்களை. இவை ஒலியா எனினும், நிற்கும் வரிசையாற் பொருள் பயத்தலின் எழுத்தென்றார். ‘வகை’ என்றமையால் நான்கென்பது இனத்தின் தொகை, எண்ணிக்கை பற்றியதன்று. எண்ணப் புகின், மாந்தரிடத்து 23 நிறப்புரி கொண்ட ஒரு தொகுதியிலேயே 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்திணைகள் உள.

‘ஈரிழை’ என்றது, சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறித் தொடுத்த இரண்டினை. ‘எதிர்செல’ என்றது, ஓரிழை சர்க்கரையின் ஐந்தாங் கார்பன் முனையினின்று மூன்றாங் கார்பன் முனை நோக்கிச் செல்ல, மற்றையது அதற்கு மறுதலையாகச் செல்லுதல். ‘உடன்செல’ என்னாததன் பயன் படியெடுக்குங்கால் விளங்கும். படியெடுக்கும் நொதி ஒரு திசையிலன்றி இழையை வளர்க்கமாட்டாது. ஆகலின் ஒரு புதிய இழை இடையறாது வளர, மற்றொன்று துண்டு துண்டாக வளர்ந்து பின்னர் இணைக்கப்படும்.

‘பிணைவிதி’ என்றது, அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பாலும், குவானைன் சைட்டோசைனோடு மூன்றாலும் கூடுதல். இருவளையமுடையது ஒருவளையமுடையதனோடு கூடுதலின் அகலம் எங்கும் ஒத்து நிற்கும். அடினைனும் தைமினும் அளவில் ஒத்தல் சார்காஃப் கண்டது. ரோசலிண்டு பிராங்கிளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களும் துணையாக, 1953இல் வாட்சனும் கிரிக்கும் வடிவத்தைத் தெளிந்தனர். ஓரிழை அறியின் மற்றையது தானே பெறப்படும் என்பது இதன் கருத்து.

அற்றேல், ‘பிழையாது’ என்றது பொருந்துமோ, படியெடுக்குங்கால் பிழை நிகழுமன்றே எனின், நிகழும். அவற்றுட் பெரும்பாலன நொதிகளால் திருத்தப்படுதலின் ஆசிரியர் பெரும்பான்மை பற்றிக் கூறினாரென்க. ‘முறுகி’ என்றது வலஞ்சுழியாய். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழப் பத்திணை.

‘புரதத் திரளை’ என்பது ஹிஸ்டோன் எட்டும் கூடிய திரள். டி.என்.ஏ. எதிர்மின்னேற்றமும் ஹிஸ்டோன் நேர்மின்னேற்றமும் உடைமையின் ஒன்றையொன்று பற்றும். ஏறத்தாழ 147 இணைகள் ஒரு திரளையை இரு சுற்றுக்குச் சற்றுக் குறையச் சுற்றும். அது நியூக்ளியோசோம் எனப்படும். சுற்றுதல் எற்றுக்கெனின், ஓர் உயிரணுவின் டி.என்.ஏ. முழுதும் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைப்பின் ஏறத்தாழ 2 மீட்டர். அஃது அடங்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்களவே.

‘திரண்டது’ என ஒருமையாற் கூறினார், ஒரு நிறப்புரிக்கு ஒரு டி.என்.ஏ. மூலக்கூறு என்பது விளங்க. இரட்டித்தபின் பிரியுங்காறும் இரண்டாம். மாந்தரின் நிறப்புரி 48 என முன்பு கொண்டிருந்தனர். 46 என 1956இல் நிறுவினார் ஜியோ, லெவான் என்னும் இருவர்.

‘பொருள்தரு கூறு’ என்புழிப் பொருளாவது புரதமாதல் ஆர்.என்.ஏ. ஆதல். ‘கூறே’ என்னும் ஏகாரம் பிரிநிலை. எழுத்தெல்லாம் மரபணு அல்ல என்று பிரித்தலின். புரதந்தரும் மரபணுக்கள் மாந்தர்க்கு ஏறத்தாழ 20,000. அவற்றுள்ளும் புரதத்தின் அமினோ அமில வரிசையைக் குறிக்கும் எழுத்து முழுத் தொகையில் நூற்றுக்கு இரண்டினும் குறைவு. ஒழிந்தன வீணோ எனின், அன்று. ஏகாரம் மரபணுவாதலை விலக்கிற்றேயன்றிப் பயனை விலக்கிற்றில்லை. நிறப்புரியின் முனைகாக்கும் டீலோமியரும், மரபணுவை இயக்கவும் அடக்கவும் செய்யும் பகுதிகளும் அவற்றுள் அடங்கும்.

பொருள்தருமாறு ஓர் எடுத்துக்காட்டால் உணர்க. 11ஆம் நிறப்புரியிலுள்ள பீட்டா குளோபின் மரபணுவில் ஓரிடத்து அடினைன் நீங்கித் தைமின் நிற்பின், புரதத்தில் குளூட்டாமிக் அமிலத்தினிடத்து வேலின் வரும். இருபெற்றோர் வழியும் அவ்வாறு வரப்பெற்றார்க்குக் குருதிச் சிவப்பணு அரிவாள் வடிவாய்த் திரிந்து நோய் தரும். எழுத்தொன்று திரியப் பொருள் திரிதல் இதனாற் காண்க.

‘ஆங்கதன்’ என்றது நிறப்புரியினது என்றவாறு. மைட்டோகாண்ட்ரியாவின்கண்ணும் 16,569 இணையுடைய சிறு டி.என்.ஏ., தாய்வழி வருவது, ஹிஸ்டோன் திரளையின்றி வட்டமாய் நின்று 37 மரபணு தாங்குமாலெனின், அது சிறுபான்மையாகலின் நூற்பாவிற் கூறாது விட்டார். உரையிற் கோடலாற் கொள்க.