சுண்ணாம்புக்கு அடியில் ஓர் ஊர்

கைலாசநாதர் கோயிலுக்கு வரும் வேன்கள் எங்கள் பிள்ளையார்பாளையத்தைத் தாண்டித்தான் போகும். சின்ன வயசில் தெருவில் பாவை நீட்டிப் பிடித்து நின்றுகொண்டு அவற்றை எண்ணுவேன். உள்ளே இருப்பவர்கள் கண்ணாடி வழியே எங்களைப் போட்டோ எடுப்பார்கள். இறங்க மாட்டார்கள். “கோயிலப் பாத்துட்டு நேரா காந்தி ரோட்டு ஜவுளிக்கடைக்குப் போவாங்க. பொடவை அங்கயே காய்க்குதுன்னு நெனப்பு” என்பார் அப்பா.

இன்று எங்கள் வீட்டுத் தறிக்குழியைப் பலகை போட்டு மூடி, மேலே டிவி வைத்திருக்கிறோம். நான் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். தெருவில் என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். போன வருஷம் நண்பர்கள் சிலர், தெருச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தால் ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று பேச ஆரம்பித்தோம். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: “படம் பாக்க வர்றவன் வூட்டுக்குள்ள வருவானா?”

பதில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கனடாவின் வான்கூவர் தீவில் செமைனஸ் என்று ஒரு சிற்றூர். ஒரு மர அறுவை ஆலையை நம்பியே பிழைத்த ஊர். ஆலை ஆட்டம் கண்ட நேரத்தில், 1982-இல், அங்கே ஐந்து சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். அடுத்த வருஷமே ஆலை மூடப்பட்டது. ஓவியங்கள் மட்டும் பெருகி நாற்பதைத் தாண்டின. மரம் வெட்டியவர்கள், ரயில், அந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று எல்லாமே அந்த ஊரின் சொந்தக் கதை. அதைப் பார்க்க வந்தவர்களை நம்பிக் கடைகளும் விடுதிகளும் வந்தன. இந்த யோசனையை முன்வைத்த கார்ல் ஷுட்ஸுக்கு அது எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ருமேனியாவில் மடாலயங்களின் வெளிச்சுவர் ஓவியங்களைப் பார்த்ததிலிருந்து.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் சுவர் ஓவியத்தைப் பார்த்து ஒரு ஆலை ஊர் பிழைத்திருக்கிறது. அப்படிப்பட்ட சுவர்கள் எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கின்றன.

கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. திருச்சுற்றை ஒட்டி வரிசையாக 58 சிற்றாலயங்கள். 1931-இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய், அவற்றின் சுவர்களில் பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். சிவன், உமை, நடுவில் குழந்தைக் கந்தன் என்று சோமாஸ்கந்தர் உருவம். இன்று மிஞ்சியிருப்பவை துண்டு துண்டான கோடுகளும் நிறங்களும்தான். அதே 1931-இல்தான் தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார்.

கைலாசநாதருக்காவது வேன் வருகிறது. ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு அதுவும் அபூர்வம். சமணக் காஞ்சி. ஊர்ப் பெயரிலேயே பருத்தி. அங்குள்ள சங்கீத மண்டபம் 1387-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. அதன் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், மகாவீரர் வரலாறுகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே விளக்க வரி. டி.என். ராமச்சந்திரன் 1934-இல் இந்தக் கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார். தீர்த்தங்கரரை அல்ல, துணியை. “அந்தக் கரையைப் பாருடா. கட்டத்தைப் பாரு. இத அப்படியே தறியில ஏத்தலாம்.” ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் தறியைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

அப்பாவின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில், 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்கள் தீட்டினார்கள். அதுவரை அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு போனார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சுவரில் பூசிய நிறம் குழாயில் தண்ணீரைக் கொண்டுவராது, கூலியையும் கூட்டாது. செமைனஸில் வந்தவர் கையை விட்டுக் காசு இறங்க ஊருக்குள் இடம் இருந்தது. எங்கள் தெருவில் அந்த இடம் தறிதான்.

அதனால் நண்பர்களிடம் இப்போது வேறு மாதிரிப் பேசுகிறேன். மயிலும் மாங்காயும் வரைந்து செல்ஃபிக்கு விடுவதில் பிரயோஜனம் இல்லை. பாவு ஓட்டுவது, உடலையும் கரையையும் கோர்வையில் இணைக்க இரண்டு பேர் நாடா தள்ளுவது, இதையெல்லாம் சுவரில் போடுவோம். படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறந்திருக்கட்டும். உள்ளே தறி ஓடட்டும். புடவையை நெய்தவர் கையாலேயே விற்கட்டும். கைலாசநாதரில் கிளம்பி, எங்கள் தெரு வழியாகத் திருப்பருத்திக்குன்றம் வரை நடக்க ஒரு வழி போடுவோம். பழைய ஓவியங்களை யாரும் தொடவேண்டாம், மேலே பூசவும் வேண்டாம். போய்ப் பார்த்தாலே போதும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ டிவிய எங்க வைப்ப?” என்றார்.