அட்டையில் யார் பெயர்?

தமிழின் முதல் நாவலுடைய தலைப்பிலேயே சாதி இருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டம், அதற்குப் பக்கத்தில் 'சரித்திரம்' என்ற சொல். அத்தியாயங்களின் தலைப்புகளும் உள்ளே நடப்பதைச் சுருக்கிச் சொல்லும். குடும்பப் பெருமை, இளமை, கல்வி என்று வரிசையாக ஒரு வாழ்க்கை வரப்போகிறது என வாசகர் நம்பலாம். பரம்பரையும் படிப்பும் உள்ளவருக்குத்தான் அப்படியொரு தலைப்புப் பட்டியல் வாய்க்கும்.

நம்மவர்கள் தலைப்புக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. யாழ்ப்பாணத்துக் கே. டானியல் 1972இல் தன் நாவலுக்குப் 'பஞ்சமர்' என்று பெயர் வைத்தார். தனிமனிதரின் பட்டம் இருந்த இடத்தில், ஒடுக்கப்பட்ட ஐந்து சாதிகளின் கூட்டுப் பெயர். இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லையே போராட்டத்தின் பெயராக்கினார். அந்தத் தலைப்பைப் பார்த்தவர் ஒரு நாயகனைத் தேட மாட்டார், மக்களைத் தேடுவார்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. பனைமட்டையின் இரு பக்கமும் அறுக்கும் பற்களே கருக்கு. அத்தியாயங்களுக்குத் தலைப்பில்லை, எண்கள் மட்டுமே. பிறப்பு, படிப்பு, வேலை என்று நேர்கோட்டில் அது போகவில்லை. பட்ட காயத்துக்கு நினைவு திரும்பத் திரும்ப வருகிறது. 'சரித்திரம்' படித்துப் பழகியவருக்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. அந்தத் தடுமாற்றமும் வாசிப்பில் ஒரு பகுதிதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். களமருதூருக்கு விருத்தாசலம் தொலைதூரமில்லை. அந்த வட்டாரப் பேச்சில் இமையம் எழுதிய 'கோவேறு கழுதைகள்' 1994இல் வெளியானது. காலனி மக்களுக்குத் துணி வெளுத்து, பிறப்புக்கும் சாவுக்கும் ஊழியம் செய்து, களத்தில் தானியமும் ராத்திரியில் சோறும் வாங்கி வாழும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நடுவில் நிற்பவள் ஆரோக்கியம்.

கோவேறு கழுதை குதிரையும் அல்ல, கழுதையும் அல்ல. ஊரிலும் சேராமல், சேரியிலும் சமமாக நடத்தப்படாமல் இடையில் நிற்கும் வாழ்க்கையைத் தலைப்பு ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. 2001இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்' என்ற பெயரில் வந்தது. சுமை சுமக்கும் விலங்குகள் என்று அர்த்தம். சுமை மிஞ்சியது, 'இடையில் நிற்பது' போய்விட்டது. ஆங்கில வாசகர் உழைப்பின் துயரத்தை எதிர்பார்த்தே உள்ளே நுழைவார்.

தமிழ் வாசகரின் எதிர்பார்ப்பும் சிக்கியது. 'தலித் நாவல்' என்ற முத்திரையோடு அணுகியவர்கள், சாதி இந்துக்களின் கொடுமையைத் தேடினார்கள். நாவலோ ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் ஒடுக்குமுறையைக் காட்டியது. கடும் விவாதம் எழுந்தது. தன்னை அந்த முத்திரைக்குள் அடைப்பதை இமையமும் ஏற்கவில்லை.

எனக்கு அந்த முத்திரை வேண்டும். அது இல்லாதபோது நம் கதைகள் அலமாரிக்கே வரவில்லை. ஆனால் அதுவே வாசிப்பைச் சுருக்கினால், ஆரோக்கியத்தை நாமே மறுபடியும் வெளியே நிறுத்துகிறோம்.

தோழர்களே, அடுத்த முறை நூலகத்தில் ஒரு நாவலை எடுத்தால் அட்டையைப் பார்த்ததும் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். முடித்தபின் அதை எடுத்துப் படியுங்கள். நமக்குள் யார் எழுதி வைத்ததை நாம் சுமக்கிறோம் என்பது அப்போது தெரியும்.