அநாதை மருந்துகள்

நோய் எல்லா நாட்டினருக்கும் பொது, மருந்து அவ்வாறன்று. பல இலட்சம் பேரைத் தாக்கும் நோய்க்கு மருந்து செய்ய நிறுவனங்கள் போட்டியிட்டு முன்வரும். சில ஆயிரம் பேரையே பற்றும் நோயை அவை திரும்பியும் பாரா. வாங்குவோர் சிலராயின் வருவாயும் சிறிதன்றோ? இவ்வாறு செய்வாரின்றிக் கைவிடப்பட்டவற்றுக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'அநாதை மருந்துகள்' என்பதாகும்.

இவ்வநாதைகளை ஆதரிக்கும் சட்டம் அமெரிக்காவில் 1983 ஜனவரியில் பிறந்தது. அரிய நோய்க்கு மருந்து காணும் நிறுவனத்துக்கு வரிச்சலுகையும், அந்நோய்க்கு அம்மருந்தை 7 ஆண்டுகள் தனியே விற்கும் உரிமையும் அது வழங்கிற்று. ஜப்பான் 1993இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2000இலும் இத்தகைய ஏற்பாட்டைச் செய்தன. ஐரோப்பாவில் தனியுரிமைக் காலம் 10 ஆண்டுகள்.

இதனால் விளைந்த நன்மையையும் தீமையையும் ஒரு நோயின் வரலாற்றில் காண்போம். பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே 1882இல் விவரித்த நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. உடலில் ஒரு நொதி குறைவதால், கரைய வேண்டிய கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் தேங்குகிறது. வயிறு வீங்கும், இரத்தம் குன்றும், எலும்பு நொறுங்கும். அமெரிக்க அரசின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ராஸ்கோ பிரேடி, குறைவது எந்த நொதி என 1960களில் கண்டறிந்தார். மகப்பேற்றின் பின் வெளிப்படும் நஞ்சுக்கொடியிலிருந்து அந்நொதியைப் பிரித்தெடுத்துச் செய்த மருந்து, 1991இல் ஜென்சைம் நிறுவனத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டு செய்யும் மருந்து 1994இல் அனுமதி பெற்றது. நஞ்சுக்கொடிகளைத் தேடித் திரட்டும் தொல்லை நீங்கிற்று. விலையோ எளியோர்க்கு எட்டாததாகவே நின்றது. வளர்ந்த ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 2 இலட்சம் டாலருக்கும் மேல் ஆகும் மருந்து அது!

சட்டம் இல்லையேல் மருந்தே பிறந்திராது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆயினும், பிறந்த மருந்து யாரைச் சென்றடைந்தது என்பதும் வரலாறே. செல்வ நாடுகள் பலவற்றில் அரசும் காப்பீடும் செலவை ஏற்றன. நலவாழ்வை உரிமையென 1988இல் அரசியலமைப்பில் எழுதிய பிரேசிலில், நோயாளிகள் நீதிமன்றம் சென்று மருந்து பெற்றனர். எகிப்தில் சிலருக்கு நிறுவனமே இலவசமாக வழங்கியது.

இந்தியாவில், கோஷே நோயுற்ற ஓர் ஏழைச் சிறுவனின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. பணமில்லை என்று கூறி அரசு தன் கடமையினின்று நழுவ முடியாது என உரைத்து, இலவச சிகிச்சைக்கு ஆணையிட்டது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வெளிவந்தது. உதவியின் வரம்பு 2022இல் நோயாளி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாயென உயர்த்தப்பட்டது. இது சிறு தொகையன்று. ஆனால் இம்மருந்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும் ஏற்ற வேண்டும். உடல் எடைக்கேற்பவே அதன் அளவு அமைவதால், குழந்தை வளர வளரச் செலவும் வளரும். வரம்போ உடன் வளர்வதில்லை.

ஈகை போற்றற்குரியதே. எனினும் கொடுப்பவர் மனம் மாறின் ஈகை நின்றுவிடும். வாழ்நாள் நோய்க்கு அத்தகைய துணை போதாது. 1983இல் எழுந்த சட்டம் அநாதை மருந்துகளுக்குப் பெற்றோரைத் தேடித் தந்தது. அம்மருந்துகளை எதிர்நோக்கும் குழந்தைகளை அநாதைகளாக விடாதிருப்பது அரசுகளின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.