மரமும் மட்டையும் சமைத்த சந்திரக் கப்பல்

மலைநாட்டுத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வரும்போது இளைஞர்கள் கூடிச் சப்பரம் கட்டுவது வழக்கம். மூங்கிலும் சட்டமும் அதற்கு எலும்பு. மட்டையும் வர்ணக் கடதாசியும் தோல். மேற்பாரம் மிகுந்தால் தோட்டப் பாதையின் வளைவில் சப்பரம் சாய்ந்துவிடும் என்பதைப் பெரியோர் அறிவர். ஆகவே முதலில் அளவு பார்ப்பர். பின்னரே அலங்காரம் செய்வர். இவ்வேலையை நாம் பக்தித் தொண்டாக மட்டுமே கருதி வந்திருக்கிறோம். இதை ஒத்த மரவேலைதான் மனிதனைச் சந்திரனில் இறக்கிய கப்பலுக்கும் முதற்படியாக அமைந்தது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1962ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சந்திரனில் இறங்கும் கலத்தை அமைக்கும் பொறுப்பை அமெரிக்காவின் நாசா நிறுவனம், நியூயோர்க் மாநிலத்துப் பெத்பேஜ் என்னுமிடத்திலிருந்த கிரம்மன் கம்பனியிடம் ஒப்படைத்தது. தோமஸ் கெலி என்பவர் அதன் தலைமைப் பொறியியலாளர். மனிதர் ஏறிச் சென்று சந்திரனில் இறங்கும் கலத்தை அதற்குமுன் எவரும் செய்ததில்லை. எனவே உலோகத்தில் வடிக்குமுன் அவர்கள் மரத்தை எடுத்தனர். உண்மைக் கலத்தின் முழு அளவிலேயே மாதிரி கட்டி, விண்வெளி வீரரை அதில் ஏறி இறங்கச் செய்தனர்.

இதனால் விளைந்த பயன் என்ன? முதலில் வரைந்த படத்தில் வீரர் அமர்வதற்கு ஆசனங்கள் இருந்தன. அமர்ந்தபடி நிலத்தைப் பார்க்கப் பெரிய கண்ணாடிச் சாளரங்கள் வேண்டும், அவையோ பாரமானவை. நின்றபடியே கலத்தைச் செலுத்தலாம் என முடிவானதும் ஆசனங்கள் நீங்கின. முகம் சாளரத்தை நெருங்கியது. சிறிய முக்கோணச் சாளரமே போதுமாயிற்று.

இறங்குவதற்கு முடிச்சிட்ட கயிறு போதும் என்றும் முதலில் எண்ணியிருந்தனர். வாசலும் வட்டமாகவே இருந்தது. 1964ஆம் ஆண்டு மர மாதிரியில் சோதித்தபோது, பருத்த உடை அணிந்த வீரருக்குக் கயிற்றில் ஏறி இறங்குவது பெரும்பாடாயிற்று. முதுகில் சுமக்கும் பிராணவாயுப் பெட்டிக்கு வட்ட வாசல் இடையூறாயிற்று. அதன்பின் ஏணி வந்தது, வாசலின் முன் சிறு திண்ணை வந்தது, வட்டம் சதுரமாயிற்று. சந்திரனில் போய்த் தெரிந்திருந்தால் உயிரையே வாங்கக்கூடிய பிழையை, பூமியிலேயே மரம் காட்டிக் கொடுத்தது!

அந்த ஏணி வழியாகத்தான் நீல் ஆம்ஸ்ட்ரோங் இறங்கினார். இலங்கை நேரப்படி அது 1969 யூலை 21ஆம் நாள் காலை எட்டரை மணியளவு. தொலைக்காட்சி இந்நாட்டுக்கு 1979இல்தான் வந்தது. ஆதலால் வானொலியும் பத்திரிகையுமே அச்செய்தியை மலைநாட்டுக்குக் கொணர்ந்தன. அன்று அதைக் கேட்ட தோட்ட மக்களில் பலர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நாடற்றோராக இருந்தவர்கள். சொந்தமென ஒரு நாடு இல்லாதார்க்குச் சந்திரன் எவ்வளவு தூரம்! ஆனால் அக்கப்பலின் முதல் உருவம் தங்கள் கைக்குப் பழகிய மரச்சட்டத்தில் பிறந்தது என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மரத்தின் உதவி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1981 யூன் 19ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ‘ஆப்பிள்’ என்னும் இந்தியச் செய்மதியை, முன்னதாக ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்தனர். உலோக வண்டி வானொலி அலைகளுக்கு இடையூறு செய்யும், மரவண்டி செய்யாது. வறுமையால் அன்று, அறிவினால் தேர்ந்த வண்டி அது. 2019இல் நமது நாட்டின் ‘இராவணா 1’ செய்மதியும் விண்ணை அடைந்தது. சீதாஎலியாவில் புட்பக விமானக் கதை கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அப்பெயர் புதிதன்று.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மரவேலையும் புதிதன்று. ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் தேயிலை கப்பலேறிய காலத்தில், கழித்த பெட்டிகள் லயத்து வீடுகளில் மேசையாகவும் தட்டாகவும் மாறின. பின்னர் கடதாசிச் சாக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. பெட்டி போனதோடு கைத்திறனும் போகவிடலாமா?

இளைஞர்களே, சந்திரக் கலத்தின் பெரிய மாதிரி ஒன்றை நாமும் கட்டுவோம். உண்மைக் கலம் ஏறக்குறைய 23 அடி உயரம். விரித்த கால்களுக்கிடையே 31 அடி அகலம். நாலிலொரு பங்காகச் செய்தால் உயரம் 5¾ அடி, அகலம் 7¾ அடி. ஒரு மண்டபத்தில் தாராளமாக நிற்கும். சட்டத்தால் கூடு, மட்டையால் சுவர், மூங்கிலால் நான்கு கால்கள், மேலே பொன்னிறக் கடதாசி. நுவரெலியாப் பனியில் மட்டை ஈரம் குடித்து நெளியும். ஆகவே இருபுறமும் வர்ணம் பூசி, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும்.

சப்பரம் கட்டிய பெரியோர் பாரமும் சமநிலையும் கற்பிக்கட்டும்; பாடசாலையில் பயிலும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அளவும் கணக்கும் பார்க்கட்டும். எங்கேனும் கோணினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவோம். கெலியின் கூட்டத்தார் செய்ததும் அதுவே. மரத்தில் பிழை கண்டு திருத்தப் பழகிய கைகள், நாளை உலோகத்திலும் திருத்தும்.