இரட்டைத் தள்ளுவண்டி: இரண்டு பிள்ளைகளைத் தூக்கிய வரலாறு

இரட்டைத் தள்ளுவண்டி என்பது இரண்டு சிறு குழந்தைகளை ஒரே நேரத்தில் உட்காரவைத்து, ஒருவரே தள்ளிச் செல்லும்படி அமைந்த வண்டி. இரட்டைப் பிள்ளைகளுக்கும், ஒன்றிரண்டு வயது இடைவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது பயன்படுகிறது. திண்டுக்கல் கடைத்தெருவில் இதைப் பார்ப்பது அரிது. இங்கே ஒற்றை வண்டியே பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வளாகத்துக்குள்ளும்தான் ஓடுகிறது. வண்டி வாங்க வசதியில்லை என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. சாலை நல்லபடி இருக்கும்வரை வண்டி பிள்ளையைச் சுமக்கும். சாலை முடிந்து படி தொடங்கும் இடத்தில் வண்டியையும் யாராவது சுமக்க வேண்டும். தள்ளுவண்டியின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சிகளின் வரலாறுதான்.

இடுப்பும் தூளியும்

தமிழில் பிள்ளை தூக்கும் முறைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இடுப்பின் பக்கவாட்டில் பிள்ளையை இருத்திக்கொள்ளும் இடத்துக்கு ஒக்கல் என்று பெயர். பெரும்பாலும் இடப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். வலக்கை குடத்துக்கும் கூடைக்கும் வேண்டும். முதுகில் தொங்கவிட்டுத் தூக்குவது உப்பு மூட்டை. திருவிழாக் கூட்டத்தில் சாமி பார்க்க அப்பாவின் தோள். இந்த மூன்றுக்கும் கருவி எதுவும் வேண்டாம்.

கருவி வேண்டும் இடத்தில் சேலை வந்தது. வீட்டு உத்தரத்திலோ, வயல் வரப்பின் வேப்பங்கிளையிலோ பழைய பருத்திச் சேலையைக் கட்டினால் தூளி. பல தடவை துவைத்து நைந்து மெதுவான சேலையே இதற்கு ஏற்றது. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி நெசவுக்குப் பேர்போன ஊர். அதன் சுங்குடிச் சேலைகள் கட்டிப் பழசான பிறகு தூளியாவது இந்தப் பக்கத்து வீடுகளில் இயல்பு. எடை அரைக் கிலோ அளவில் இருக்கும், மடித்தால் கைப்பைக்குள் அடங்கும், எங்கும் கட்டலாம். எடை குறைந்த, மடிக்கக்கூடிய குழந்தை வண்டி என்று இன்று விளம்பரம் செய்யப்படும் எதுவும் இந்த அளவை எட்டியதில்லை. ஆனால் தூளி ஓரிடத்தில் நிற்பது. ஊர்விட்டு ஊர் போக உதவாது. மேலும் ஒரு தூளியில் ஒரு பிள்ளைதான்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. மூன்று வயதில் இது முறையே 14.3, 13.9 கிலோ. ஆக, இந்த வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள தாய் இருவரையும் தூக்க நேர்ந்தால் ஏறக்குறைய 23 கிலோ. ஓர் இடுப்பு தாங்கும் சுமை இதுவன்று. நடைமுறையில் சின்னது அம்மாவின் இடுப்பிலும், பெரியது சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டும் நடந்தன. அம்மா வேலைக்குப் போன வீடுகளில் சின்னது அக்காவின் இடுப்புக்கு மாறியது.

சிறுதேரும் நடைவண்டியும்

குழந்தைக்கான சக்கரம் தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள்; குதிரை பூட்டாத தேர் அது. அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்துகொடுத்த, ஏறிச் செல்வதற்கு அல்லாத சிறு தேரைப் பிள்ளைகள் உருட்டிக் களைக்கிறார்கள். பிற்காலப் பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்கு உரிய பத்துப் பருவங்களில் கடைசியானது சிறுதேர்ப் பருவம். நம் வீடுகளில் நேற்றுவரை இருந்த மர நடைவண்டியும் இதே மூன்று சக்கரங்கள் கொண்டது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. பிள்ளைதான் வண்டியைத் தள்ளுகிறது. வண்டி பிள்ளையைச் சுமப்பதில்லை. நடக்கப் பழகுவதற்கும் விளையாடுவதற்கும் சக்கரம். தூக்கிப் போவதற்கு மனித உடம்பு. இதைப் பின்தங்கிய நிலை என்று எண்ண வேண்டியதில்லை. மழையில் சேறாகவும் கோடையில் புழுதியாகவும் மாறும் பாதையில் சிறிய சக்கரத்தைவிடக் காலே நம்பகமானது.

ஐரோப்பாவில் வண்டி வந்த கதை

ஐரோப்பாவிலும் குழந்தை வண்டி விளையாட்டுப் பொருளாகவே தொடங்கியது. 1733-இல் தோட்டக் கலைஞர் வில்லியம் கென்ட், டெவன்ஷையர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவத்தில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். ஆடோ சிறு குதிரையோ இழுக்கும்படி அது அமைந்திருந்தது. பெரியவர் பின்னால் நின்று தள்ளும் அமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. சார்லஸ் பர்ட்டன் என்பவர் இங்கிலாந்தில் அதற்கு 1853-இல் காப்புரிமை பெற்றார். 1877-இல் வில்லியம் வில்சன் லீட்ஸ் நகரில் சில்வர் கிராஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், தள்ளுபவரைப் பார்த்தபடியும் வெளியே பார்த்தபடியும் தொட்டிலைத் திருப்பிக்கொள்ளும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

அந்தக் காலத்துப் பிராம் வண்டி பெரிய சக்கரங்களும் வில்கம்பிகளும் கொண்ட பாரமான பொருள். அதே பாணியில் இன்றும் செய்யப்படும் வண்டிகள் 20 கிலோவைத் தாண்டுகின்றன. அதை வாங்கியவர்களுக்கு எடை ஒரு குறையாகத் தோன்றவில்லை. பூங்காவின் பாதை சமமானது. தள்ள வேலைக்காரப் பெண் இருந்தாள். வண்டியைத் தூக்க வேண்டிய தேவையே எழவில்லை. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் அதை ஆயா தள்ளினாள். ஆயா என்ற சொல்லே போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது. ‘ஆயாம்மா’ என்று நாம் இன்று அங்கன்வாடியில் கூப்பிடும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே அந்த வண்டிக்கு எல்லை வகுத்த ஓர் இடம் இருந்தது. திருச்சி–மதுரை இரயில் பாதை 1875-இல் வந்தபின், கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அந்த நிலையம் கொடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் மலைச்சாலை அமையும்வரை, குதிரை அல்லது ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியும் டோலியும்தான். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளும் மலையேறும்போது மனிதத் தோளையே நம்ப வேண்டியிருந்தது.

மக்லாரனின் குடை

எடையைக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். பாரமான பிராமுடன் விமானப் பயணம் செய்யும் சிரமத்தை மகள் சொல்லக் கேட்டு அவர் இதில் இறங்கியதாகச் சொல்லப்படுகிறது. விமானத்தின் சக்கரம் உறுதியாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், பறக்கும்போது மடிந்து உள்ளே போகவும் வேண்டும். மூன்றையும் அறிந்தவருக்குக் குழந்தை வண்டி புதிய சிக்கலாக இருந்திருக்காது. அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் குடைபோல மடியும் வண்டிக்கு 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967-இல் அது உற்பத்திக்கு வந்தது. எடை சுமார் 2.7 கிலோ. ஒரு கையில் பிள்ளை, மறுகையில் மடித்த வண்டி என்று படியேறுவது அப்போதுதான் சாத்தியமானது.

அந்தச் சட்டத்தையே பக்கவாட்டில் இரட்டிப்பாக்கியபோது எடை குறைந்த இரட்டை வண்டி கிடைத்தது. அதற்கு முன்பும் இரட்டைப் பிராம்கள் இருந்தன. ஆனால் அவற்றைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பக்கவாட்டா, முன்பின்னா?

இரட்டை வண்டியில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. இரு இருக்கைகளும் அருகருகே இருப்பது ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாக இருப்பது மற்றொன்று. அருகருகே உள்ளது பொதுவாக எளிதாக மடியும், எடையும் குறைவு. ஆனால் அகலம் 75 செ.மீ. அளவுக்கு வரும், பழைய வீட்டு வாசலில் இடிக்கும். முன்பின் வகை அகலத்தில் ஒற்றை வண்டிக்கு நெருக்கமானது. நீளம் அதிகம் என்பதால் திருப்புவதும் நடைமேடை விளிம்பில் ஏற்றுவதும் கடினம்.

வேறொரு வேறுபாட்டைப் பழனிக் காவடியைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளை இடும்பன் ஒரு தண்டின் இரு முனைகளில் கட்டித் தூக்கி வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. இரு பக்கமும் எடை ஒத்திருந்தால்தான் காவடி தோளில் நிற்கும். அருகருகே இருக்கை உள்ள வண்டியும் அப்படியே. ஒத்த எடையுள்ள இரட்டைப் பிள்ளைகளுக்கு அது நேராக ஓடும். ஒரு பக்கம் 9 கிலோ, மறுபக்கம் 14 கிலோ என்றால் கனமான பக்கம் இழுக்கும். தள்ளுபவர் மணிக்கட்டால் ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டும். வயது வேறுபாடு உள்ள பிள்ளைகளுக்கு முன்பின் வகையோ, மூத்தது நின்றுகொள்ளப் பின்னால் பலகை பொருத்திய ஒற்றை வண்டியோ பல நேரங்களில் பொருத்தமாக இருக்கிறது.

அக்காவின் இடுப்பு

வண்டி இல்லாத வீடுகளில் அதன் வேலையைச் செய்த அக்காவைப் பற்றி வரலாற்றில் அதிகம் எழுதப்படவில்லை. எட்டு வயதுப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற காட்சியைச் சென்ற தலைமுறை நன்கு அறியும். பலர் வாசலைத் தாண்டவே இல்லை. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பெண் குழந்தைகள் பள்ளிக்கு வர முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு துணை செய்யும் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

ஆகவே இரண்டு பிள்ளைகளைத் தூக்கும் சிக்கலுக்கு இங்கே கிடைத்த விடைகள் சக்கரத்தில் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-இலும், குழந்தைகளுக்கான சத்துணவுத் திட்டம் தமிழ்நாட்டில் 1982-இலும் தொடங்கின. மூத்த பிள்ளை பகலில் பால்வாடியில் இருந்தால் அம்மாவின் இடுப்புக்கு ஒன்றுதான் மிச்சம். மற்றொரு விடை பிள்ளைகளுக்கு இடையேயான இடைவெளி. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டி அருகே தொடங்கிய காந்திகிராமத்தில், ஊரக நலத்துக்கும் குடும்ப நலத்துக்குமான நிறுவனம் 1964-இல் அமைந்தது. ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த அதன் பணி இந்திய அளவில் கவனிக்கப்பட்டது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய பரிந்துரை. அப்படியானால் தங்கை பிறக்கும்போது அக்காவுக்கு ஏறக்குறைய மூன்று வயது; கொஞ்ச தூரம் தானே நடக்கும்.

திண்டுக்கல் தெருவில்

இன்று இந்த ஊரில் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் வெளியே கிளம்பினால் பெரும்பாலும் இருசக்கர வாகனம்தான். முன்னால் ஒன்று நிற்கும். பின்னால் அம்மா மடியில் மற்றொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தெருவில் பார்த்தால் இரண்டும் அதிகம் கடைப்பிடிக்கப்படுவதாகத் தெரியவில்லை.

தள்ளுவண்டிக்கு வேண்டியது நடைபாதை. குடியிருப்புப் பகுதியில் தடையற்ற 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அத்தனை அகலம் இருந்தால் இரட்டை வண்டி தாராளமாகப் போகும். கடைப் பலகையும் நிறுத்திய வண்டிகளும் திறந்த சாக்கடை மூடியும் உள்ள தெருவில் ஒற்றை வண்டியே நடுச்சாலைக்கு இறங்கிவிடும்.

நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இலும், ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு 2022-இலும் வந்தன. வடமதுரைக்கோ சின்னாளப்பட்டிக்கோ போகும் தாய்க்கு இது பெரிய உதவி. ஆனால் பேருந்தின் படி உயரம். எடை குறைந்தவை எனப்படும் இரட்டை வண்டிகளும் பொதுவாக 9 முதல் 13 கிலோ வரை இருக்கின்றன. பிள்ளைகள் 23, வண்டி 10, போதாததற்குப் பையும் தண்ணீர்ப் புட்டியும். நடத்துநர் விசில் ஊதுவதற்குள் இத்தனையும் மேலே ஏற வேண்டும். எனவே இங்கே வாங்குபவர் தள்ளிப் பார்ப்பதோடு நில்லாமல், கடையிலேயே ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றொரு கையால் வண்டியை மடித்துத் தூக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு கையால் மடியாத வண்டி, எடை எவ்வளவு குறைந்தாலும், தனியாகப் போகும் தாய்க்கு உதவாது.

கழுத்து நிற்காத குழந்தை இருந்தால் முழுதும் சாயும் இருக்கை வேண்டும். குடைபோல் மடியும் பல மாதிரிகளில் அது கிடையாது. தோள், இடை, கால்களுக்கு இடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டை இரு இருக்கைகளிலும் இருக்க வேண்டும்.

மடிப்பு மூட்டையும் கவனிக்க வேண்டும். 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு மூட்டு உறைகள் வழங்க நேர்ந்தது. இரட்டை மாதிரிகளும் அவற்றில் அடங்கும். வண்டியை விரிக்கும்போது பிள்ளைகளின் விரல் நுனி மூட்டில் சிக்கி அறுபட்ட 12 நிகழ்வுகள் அங்கே பதிவாகியிருந்தன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டின் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விரித்ததும் சட்டம் தானே பூட்டிக்கொள்கிறதா, கூடுதலாக இரண்டாவது தாழ் உண்டா, மூட்டில் பிள்ளையின் விரல் நுழையும் இடுக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வாங்கலாம். வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் இரண்டு பிள்ளைகளும் எட்ட நிற்க வேண்டும்.