அன்றாடக் குறிப்பு எழுதிய தமிழர்

பிற மொழியார் நடுவில் குடியேறி வாழும் தமிழர்க்கு, கண்டதையும் கேட்டதையும் தம் மொழியில் ஒருவரிடம் சொல்லிவிட்டால்தான் அன்றைப் பொழுது நிறைவுறும். மாரெட்பள்ளித் தெருக்களில் மாலையில் இருவர் எதிர்ப்பட்டுவிட்டால் போதும்; புதிய திரைப்படம், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி, கைப்பேசியில் பரவிய புரளி ஆகிய எல்லாம் தெருமுனையிலேயே தீர்ப்புப் பெற்றுவிடும். ஆனால் அப்பேச்சு காற்றோடு போய்விடுகின்றது. அவ்வாறு போகவிடாமல் எழுதி வைத்த சிலரைப் பற்றி இம்மலரில் கூற விழைகின்றோம்.

இவர்களுள் முன்னவர் ஆனந்தரங்கம் பிள்ளை. சென்னைப் பெரம்பூரில் 1709-இல் பிறந்து, புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தினர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் 1761 வரை கப்பல் வரவும், வாணிகமும், ஊர்வம்பும் அவர் நாட்குறிப்பில் இடம்பெற்றன. 1750-ஆம் ஆண்டின் இறுதியில் நாசிர் ஜங் கொலையுண்டதும், முசாபர் ஜங் புதுவைக்கு வந்ததும் அவர் காலத்துச் செய்திகள். ஆதலின் நிசாம் அரசின் வரலாற்றை ஆராய்வோர்க்கும் அந்நாட்குறிப்பு வேண்டியதாயிற்று. எனினும் நமக்குச் சுவை தருவது அதிலுள்ள ஊர்வம்பே என்று கூறினால், வரலாற்றுப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 1965-இல் தலைநகர் தில்லியில், அங்கு வாழ்ந்த தமிழர் முயற்சியால் 'கணையாழி' தோன்றியது. அதன் கடைசிப் பக்கத்தில் சுஜாதா என்னும் ரங்கராஜன், தாம் பார்த்த படம், படித்த கவிதை, வியந்த அறிவியற் செய்தி ஆகியவற்றை 1998 வரை எழுதி வந்தார். பின்னர் அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை நெடுங்காலம் ஏற்றிருந்த அசோகமித்திரனோ நம்மவர். செகந்திராபாத்தில் 1931-இல் பிறந்து, 1952-இல் சென்னைக்குச் சென்றவர். லான்சர் பாரக்ஸ் குடியிருப்பும் அங்குள்ள இளைஞரின் கிரிக்கெட் ஆட்டமும் இன்று நாம் அறியக் கிடைப்பது அவருடைய 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலால் அன்றோ?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்டு 15. அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். ஆனால் ஒரு பெருந்தடை இருந்தது. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் எழுத்துகளுக்கு எண் குறித்தனர். ஒருவர் 'அம்மா' என்று எழுதி அனுப்ப, அந்த எழுத்துரு இல்லாத மற்றவர் கணினியில் அது பொருளற்ற கீறல்களாய்த் தோன்றும். கணவன் எழுதிய மடலை மனைவி படிக்க இயலாத கொடுமை! இதனைத் தீர்க்கப் பல நாடுகளிலும் சிதறி வாழ்ந்த தமிழன்பர்கள் தமக்குள் மடலாடி 'திஸ்கி' என்னும் பொதுக்குறியீட்டை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி விசைப்பலகை முறையும் வரையறுக்கப்பெற்றது. உலக மொழிகள் அனைத்துக்கும் உரிய ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருப்பினும், வீட்டுக் கணினிகளில் அது பரவப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

அதன்பின் 2003 முதல் தனியொருவர் பக்கங்கள் மளமளவென மலர்ந்தன. 'வலைப்பூ' என்று அவற்றுக்குப் பெயரிட்டனர், அழகிய பெயரே. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய 'தமிழ்மணம்' அவற்றைத் திரட்டித் தந்தது. இதழாசிரியர் எவருடைய இசைவும் வேண்டாமல், இல்லத்தரசியரும் மென்பொருள் பணியாளரும் ரஜினி படத்தைப் பற்றியும், குளிர்நாட்டில் புளிக்க மறுக்கும் இட்லி மாவைப் பற்றியும் எழுதினர். அவற்றுள் பல வெறும் அரட்டையே. அரட்டைதான் பின்னால் கிடைப்பதற்கரிது.

கிடைக்கவும் இல்லை. 1994-இல் தோன்றி, இலவசமாகப் பக்கம் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. அதிலிருந்த பக்கங்களுள் ஒரு பகுதியையே ஆவணக் காப்பாளர்கள் மீட்டனர். ரங்கம் பிள்ளையின் ஏடுகளோ அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல் வெளிப்பட்டபோதும் படிக்கத்தக்கனவாய் இருந்தன.

நம் சங்கத்து அலமாரியில் ஒரு நெகிழ்தட்டு உள்ளது. 1990-களின் பிற்பகுதியில் நம் குடியிருப்புப் பெரியவர் ஒருவர் நாள்தோறும் எழுதிய குறிப்புகள் அதில் அடங்கியுள்ளன. அண்மையில் அதனைத் திறந்து பார்த்தோம். தட்டு பழுதுறவில்லை, ஆனால் திரையில் தோன்றியவை கீறல்களே. தேதிகள் மட்டும் தெளிவாக இருந்தன. அவர் பயன்படுத்திய எழுத்துரு யாதெனத் தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். அந்நாளில் அவருடன் கணினி பழகிய அன்பர்கள் எவரேனும் இதனைப் படிக்க நேரின், அவ்வெழுத்துருவின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம்.