ஒரு கெர்னல் பிழையும் அதன் பாடபேதமும்

2011 மே மாதத்தில் டோம்பிவிலியில் மின்வெட்டு நேரம் எங்களுக்கு மனப்பாடம். மின்சாரம் நின்றபின் ஆய்வுப்பணிக்கு எஞ்சுவது மடிக்கணினியின் மின்கலம் மட்டுமே. ஏப்ரல் 28 அன்று வெளிவந்த உபுண்டு 11.04ஐ நிறுவிய பிறகு அந்த மின்கலம் வழக்கத்திற்கு முன்பே தீரலாயிற்று. அதற்கு வயதாகிவிட்டது என்று கருதிப் புதியதொன்றை வாங்கினேன். குற்றம் லினக்ஸ் கெர்னலில் இருந்ததெனப் பின்னரே அறிந்தேன். அதைத் தேடிய முறையும் திருத்திய முறையும் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோருக்கு மிகவும் பழக்கமானவை, ஆதலின் இப்பதிவு.

உபுண்டு 11.04இல் இருந்தது, அவ்வாண்டு மார்ச்சில் வெளியான 2.6.38 கெர்னல். முந்தைய 2.6.37க்கும் இதற்கும் இடையே ஏறத்தாழப் பத்தாயிரம் மாற்றங்கள். மின்நுகர்வு கூடியதைச் சோதனைகளால் காட்டிய ஃபோரோனிக்ஸ் தளத்தின் மைக்கேல் லாரபெல், காரணத்தைத் தேடக் கையாண்டது இருகூறாக்கும் முறை. நடுவிலுள்ள மாற்றம் வரை கெர்னலைத் தொகுத்து இயக்கி, மின்நுகர்வை அளக்க வேண்டும். மிகையானால் குற்றம் முற்பாதியில், இல்லையேல் பிற்பாதியில். பத்தாயிரமாயினும் பதினான்கு முறைக்குள் ஒன்றில் வந்து நிற்கும். பிழையான பாடம் எந்தப் படியில் முதலில் நுழைந்தது என்று சுவடிகளை ஒப்பிடுவதும் இதுவே. ஆனால் இங்கு பிழை கண்ணுக்குத் தெரியாது. கணினி நன்றாகவே ஓடும். மின்அளவி ஒன்றே சாட்சி.

ஜூன் இறுதியில் விடை கிடைத்தது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்புகளில் தரவு ஓடாதபோது அவற்றை உறங்கவைக்கும் ஏற்பாட்டுக்கு ஏ.எஸ்.பி.எம். என்று பெயர். இவ்வசதி தன்னிடம் இல்லை என்று பயாஸ் தன் அட்டவணையில் குறித்திருந்தால், கெர்னல் எல்லாக் கருவிகளிலும் அதை அணைத்துவிட வேண்டும் என்பது 2.6.38இல் புகுந்த மாற்றம். எழுதியவர் ரெட் ஹாட் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய மேத்யூ காரெட். இதனைக் கவனக்குறைவு என்று நான் கொள்ளேன். ‘இல்லை’ என்றிருந்த குறிப்பை அவர் ‘இல்லை’ என்றே வாசித்தார். ஆனால் பல மடிக்கணினிகளில் பயாஸ் அட்டவணையில் அவ்வாறு எழுதிவிட்டு, சில கருவிகளில் தானே அதை இயக்கியும் வைத்திருந்தது. கெர்னல் அவற்றையும் அணைத்தது.

உடனடி மாற்றுவழி ஒன்று இருந்தது: கெர்னல் தொடங்கும் வரியில் ஏ.எஸ்.பி.எம்.மைக் கட்டாயப்படுத்துவது. சில கணினிகள் அதனால் உறைந்து நிற்கக்கூடும் என்பதால் அதை அனைவருக்கும் பொதுவாக்க இயலவில்லை.

திருத்தத்தையும் காரெட்டே எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விண்டோஸ் விஸ்டா காலத்தில் மைக்ரோசாஃப்ட் அளித்த ஒரு விளக்கவுரையை அவர் படித்தார். பயாஸ் கட்டுப்பாட்டை முழுமையாக ஒப்படைக்காதவரை விண்டோஸ் இவ்வமைப்புகளைத் தொடுவதே இல்லை என்று அதிலிருந்து ஊகித்தார். வன்பொருள் செய்வோர் விண்டோஸை வைத்தே தம் கணினிகளைச் சோதிப்பவர்கள். எனவே அக்குறிப்பின் பொருள் ‘அணைத்துவிடு’ என்பதன்று, ‘கைவைக்காதே’ என்பது. தம் முந்தைய முடிவு பிழையாக இருக்கலாம் என்னும் தயக்கத்தொனியிலேயே மாற்றக்குறிப்பையும் எழுதியிருக்கிறார். மூலம் மயங்குமிடத்தில் நாம் உரையைத் தேடுகிறோம். அவர் தேடியது போட்டியாளரின் உரையை.

2012 பிப்ரவரியில் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் தாங்கி 3.2.5 பதிப்பு வந்தது, மார்ச்சில் 3.3 வந்தது. என் பழைய மின்கலம் அதற்கு வெகுமுன்பே எடைக்குப் போய்விட்டது.